பானக்கலன் அடுப்பு

பானக்கலன் அடுப்பு என்பது குளிர்பானம் அடைத்து விற்கப்படும் அலுமினியக் கலன்களைக் கொண்டு வீட்டிலேயே செய்துகொள்ளத்தக்க சிறிய எரிசாராய அடுப்பு ஆகும். சுமையைக் குறைக்க விரும்பும் நெடுந்தொலைவு நடைப்பயணிகள், குறிப்பாக ஐக்கிய அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையில் செல்வோர், இதனைப் பயன்படுத்துகின்றனர். இதன் எடை பொதுவாக 30 கிராமுக்கும் குறைவு. சுவீடனின் திராங்கியா பித்தளை அடுப்பும் இதே முறையில் இயங்குவதே.

அமைப்பு

இரு கலன்களின் அடிப்பாகங்கள் சில சென்ரிமீட்டர் உயரத்தில் வெட்டப்பட்டு, ஒன்றினுள் ஒன்றாகச் செருகப்படுகின்றன. மேற்பகுதியின் நடுவே திறப்பு இருக்கும். இடையே உருளையாகச் சுருட்டிய தகடு உட்சுவராக அமைகின்றது. எரிபொருள் செல்ல அதன் அடியில் சிறு வெட்டுக்கள் இடப்படும். மேல்விளிம்பைச் சுற்றி ஊசியால் துளைகள் இடப்படும். கத்தரிக்கோல், ஊசி, உப்புத்தாள் ஆகியனவே போதும். வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கவல்லது. தேய்த்து மழுக்குதல் வேண்டும்.

இயங்கும் முறை

நடுவில் ஊற்றிப் பற்றவைத்த எத்தனால் சூடேறி 78 °செ வெப்பநிலையில் கொதிக்கின்றது. ஆவி சுவர்களுக்கிடையே நிறைந்து துளைகள் வழியே வெளியேறி எரியும். அலுமினியத்தின் உருகுநிலை 660 °செ. நீர்ம எரிபொருள் உள்ளே உள்ளவரை அது தகட்டின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கின்றது. எத்தனாலின் எரியாற்றல் பெட்ரோலினதைவிட வெகு குறைவு. எனவே பல நாட் பயணத்தில், அடுப்பில் மிச்சமான எடை எரிபொருளில் கூடிவிடும்.

பாதுகாப்பு

பகலொளியில் இச்சுடர் ஏறக்குறையக் கண்ணுக்குப் புலப்படாது. அணைந்துவிட்டதெனக் கருதி மீண்டும் எரிபொருள் ஊற்றினால் தீ குப்பிக்குத் தாவும். இதுவே மிகப்பெரும் இடர். அடுப்பு முற்றிலும் ஆறிய பின்னரே ஊற்றவேண்டும். மூடிய கூடாரத்தினுள் எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். மெத்தனாலும் எரிபொருளாகப் பயன்படுகின்றது. ஆனால் அது நஞ்சு, சிறிதளவு உட்கொண்டாலும் பார்வையைப் பறிக்கக்கூடும்.