மணி பிளான்ட்: பூக்காத கொடியும் நான்கு பெயர்களும்

லிஃப்ட்டுக்கு எதிரே, ஷூ அலமாரியின் மேல், பால்கனிக் கம்பியில் என்று நம் குடியிருப்பில் எங்கு திரும்பினாலும் கண்ணில் படுவது மணி பிளான்ட். உங்கள் வீட்டுக் கொடியை நீங்கள் காசு கொடுத்து வாங்கியிருக்க வாய்ப்புக் குறைவு. யாராவது ஒடித்துக் கொடுத்திருப்பார்கள். (கேட்காமல் ஒடித்து வந்தால்தான் பணம் சேரும் என்று நம்புகிறவர்களும் நம்மிடையே உண்டு. தொட்டியின் சொந்தக்காரர்கள் பொறுத்தருள்க!) அப்படி ஒடித்துக் கொடுப்பதில்தான் இந்தச் செடியின் வரலாறே இருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வர்களுக்குக் கண்ணாடி வீடு கட்டி வெப்பமண்டலச் செடி வளர்க்கும் மோகம் பிடித்திருந்தது. அவர்களுக்குச் செடி விற்ற பெல்ஜியத்தின் லிண்டன் நர்சரி வழியாக, 1880-இல் இந்தக் கொடி 'போத்தோஸ் ஔரியஸ்' என்ற பெயரில் அறிமுகமானது. ஔரியஸ் என்றால் லத்தீனில் பொன்னிறம். இலையில் தெறித்திருக்கும் மஞ்சளைக் குறிக்கிறது. ஊர் சாலமன் தீவுகள் என்று எழுதி வைத்தார்கள்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. ஒரு செடி எந்தக் குடும்பத்தில் எந்தக் கிளை என்று தீர்மானிக்கத் தாவரவியலாளருக்குப் பூ வேண்டும். இந்தக் கொடியோ பூக்கவே இல்லை. இலையைப் பார்த்து ஊகிக்க வேண்டியதாயிற்று. 1908-இல் 'சிண்டாப்சஸ்' என்று மாற்றினார்கள். 1960-களில் ஒருவழியாகப் பூ கண்ணில் பட்டது. உடனே 'ராஃபிடோஃபோரா' என்றார்கள்; இன்னும் நுணுகிப் பார்த்து 1964-இல் 'எபிப்ரெம்னம் ஔரியம்' என்று முடித்தார்கள். ஊரும் மாறிவிட்டது. தஹிதிக்குப் பக்கத்தில் இருக்கும் மூரெயா தீவுதான் பிறப்பிடம் என்பது இன்றைய கருத்து. நர்சரிக்காரர்கள் மட்டும் இன்னும் போத்தோஸ் என்றே விற்கிறார்கள்.

ஏன் பூப்பதில்லை? ஜிப்ரலின் என்ற ஹார்மோனை உண்டாக்கும் ஒரு மரபணு இதில் சரியாக வேலை செய்வதில்லை என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த ஹார்மோனைத் தெளித்தபோது செடி பூத்தது. பூ இல்லையென்றால் விதை இல்லை. ஆக, உங்கள் பால்கனியில் இருப்பது யாரோ வெட்டிய தண்டு. அதற்கு முன் இன்னொருவர் வெட்டிய தண்டு.

அதனால் வெட்டும்போது கணுவைப் பாருங்கள். வேரும் புதுத்தளிரும் அங்கிருந்துதான் வரும். கணு இல்லாத இலையைத் தண்ணீரில் எத்தனை நாள் வைத்தாலும் கொடியாகாது. காட்டில் இது மரமேறி. ஏற ஏற இலை முறம்போல் பெரிதாகிக் கிழியும். தொங்கவிட்டால் சிறுத்துக்கொண்டே போகும். பெரிய இலை வேண்டுமென்றால் தேங்காய் நார் சுற்றிய கம்பில் ஏற்றிவிடுங்கள். வெளிச்சம் குறைந்தால் மஞ்சள் மங்கிப் பச்சை மேலோங்கும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். இந்தச் செடியைக் கொல்வது பெரும்பாலும் அன்பு மிகுதிதான்.

பாட்டிலில் வளர்க்கிறீர்களா? வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பாத்திரச் சுவரில்தான் முட்டையை ஒட்டும். தண்ணீரை மட்டும் மாற்றினால் முட்டை அங்கேயே இருக்கும். தவழும் குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டில் கொடி எட்டாத உயரத்தில் இருக்கட்டும். இலையில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் இருப்பதால், கடித்தால் வாய் எரிந்து வீங்கும்.

கத்தரித்த தண்டுகளைக் காம்பவுண்ட் மரத்தடியில் வீசாதீர்கள். கண்டியில் உடவத்தகெலே காட்டுக்குள் புகுந்த இதே கொடி, தரையை மூடி, மரங்களிலும் ஏறிப் படர்ந்துவிட்டது. ஒரு விதைகூட இல்லாமல், வெறும் துண்டுத் தண்டுகளாலேயே.