குவியலுக்குள் ஒரு கை: கொத்துக்கறியும் ஹிஸ்பா மரபும்





விடுமுறை நாள் மாலையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பர்கர் கடைக்குச் செல்வது நம் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. அதில் தவறேதும் இல்லை. குடும்பத்தாருடன் அமர்ந்து ஆகுமான உணவை உண்பது மார்க்கம் அனுமதித்த மகிழ்ச்சிகளுள் ஒன்று. ஆனால் அக்கடையின் தரத்தை நாம் எதைக் கொண்டு அளக்கிறோம்? வாசலில் 'ஹலால்' என்ற பலகை இருக்கிறதா என்று பார்க்கிறோம். உள்ளே சென்றபின் தீர்ப்பை நாக்கிடம் விட்டுவிடுகிறோம். பலகைக்கும் நாக்குக்கும் நடுவே ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. அதை நம் முன்னோர் எவ்வாறு அடைத்தனர் என்பது அறியத்தக்க வரலாறு.

இரண்டு நபிமொழிகள்

ஸஹீஹுல் புகாரியில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக ஒரு செய்தி பதிவாகியுள்ளது. புதிதாக இஸ்லாத்தைத் தழுவிய மக்கள் இறைச்சி கொண்டுவருகின்றனர். அறுக்கும்போது அல்லாஹ்வின் பெயரைக் கூறினார்களா என்பது தெரியவில்லை. என்ன செய்வது எனச் சிலர் கேட்டனர். நீங்கள் பிஸ்மில்லாஹ் கூறி உண்ணுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். ஒரு முஸ்லிமின் அறுப்பைத் துருவி ஆராயத் தேவையில்லை என்பதை இதிலிருந்து அறிஞர்கள் விளங்கிக்கொண்டனர்.

ஸஹீஹ் முஸ்லிமில் மற்றொரு செய்தி. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்றபோது அதனுள் தம் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. காரணம் கேட்டபோது, மழை நனைத்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் காணும்படி ஈரமான தானியத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா எனக் கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள்.

இவ்விரண்டும் முரண்பட்டவை அல்ல. அந்தத் தானியம் ஹலாலானதே. மழை பெய்தது வியாபாரியின் குற்றமும் அன்று. மறைத்ததே குற்றம். அடுத்தவரின் உள்ளத்தைத் தோண்டாதே. ஆனால் விற்பனைக்கு வைத்த குவியலுக்குள் கையை விட்டுப் பார். இந்தச் சமநிலையின் மீதுதான் பிற்காலத்தில் 'ஹிஸ்பா' எனும் சந்தைக் கண்காணிப்பு முறை எழுந்தது.

முஹ்தஸிபின் பணி

ஹிஸ்பாவின் பொறுப்பாளர் 'முஹ்தஸிப்' எனப்பட்டார். பாக்தாதின் பேரறிஞர் அல்மாவர்தீ (ரஹ், மறைவு ஹிஜ்ரி 450, கி.பி. 1058) 'அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா' என்னும் நூலில் இப்பதவியின் எல்லைகளை வகுத்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பின், ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) காலத்தில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அஷ்ஷைஸரீ 'நிஹாயத்துர் ருத்பா' என்னும் கைந்நூலை இயற்றினார். ரொட்டி சுடுபவர், கசாப்புக்காரர், சமையற்காரர், மீன் பொரிப்பவர் என ஒவ்வொரு தொழிலுக்கும் தனி அத்தியாயம் கொண்ட நூல் அது. எகிப்தின் இப்னுல் உகுவ்வா (மறைவு ஹிஜ்ரி 729, கி.பி. 1329) அதே வழியில் மேலும் விரிவாக எழுதினார்.

எல்லாத் தொழில்களின் தந்திரங்களையும் ஒருவரே அறிந்திருக்க இயலாது. எனவே ஒவ்வொரு தொழிலிலும் அனுபவமும் நம்பிக்கையும் வாய்ந்த ஒருவர் 'அரீஃப்' என நியமிக்கப்பட்டு, முஹ்தஸிபுக்கு உதவியாக இருந்தார்.

கசாப்புக் கடைகளில் வெள்ளாட்டுக் கறியையும் செம்மறிக் கறியையும் கலக்கக் கூடாது என்கிறார் அஷ்ஷைஸரீ. வெள்ளாட்டுக் கறியின் மீது குங்குமப்பூவால் புள்ளியிட வேண்டும். விற்றுத் தீரும்வரை அதன் வால் உடலோடு தொங்க வேண்டும். இரண்டும் ஹலால்தான். ஆயினும் வாங்குபவர் எதற்குப் பணம் கொடுக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

கொத்திய கறிக்குத் தனிக் காவல்

முழுத் துண்டாக இருக்கும் கறியைக் கண் அடையாளம் காணும். கொத்தி, வெங்காயமும் மசாலாவும் சேர்த்துப் பிசைந்தபின் கண்ணும் நாவும் தோற்றுவிடும். இதை அன்றே உணர்ந்திருந்தனர். கொத்துக்கறியைக் குடலில் அடைத்துப் பொரித்து விற்கும் 'நகானிக்' கடைகளைத் தம் இருக்கைக்கு அருகிலேயே முஹ்தஸிப் அமைக்கச் செய்வது நலம் என்கிறார் அஷ்ஷைஸரீ. ஏனெனில் அதில் செய்யப்படும் கலப்படம் மிகுதி. சுத்தமான கட்டையின் மீது கறியைக் கொத்த வேண்டும்; அப்போது ஈ விரட்ட ஒருவர் விசிறியுடன் நிற்க வேண்டும்; அளவு தெரியும்படி அரீஃபின் முன்னிலையில்தான் மசாலாவைக் கலக்க வேண்டும்.

கோதுமையும் கறியும் சேர்த்து இரவெல்லாம் வேகவைக்கும் 'ஹரீஸா'வின் பானைக்கு முத்திரையே வைக்கப்பட்டது. விடியுமுன் அரீஃப் வந்து முத்திரையை உடைத்தபின், அவர் கண்முன்னே அதைக் கடைந்தனர். ஆட்டை முழுதாகச் சுடும் கடைகளில், அடுப்பில் இறக்குமுன் எடை பார்த்து ஏட்டில் குறித்தனர். வெளியே எடுத்தபின் எடையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தால்தான் வெந்ததாகக் கொண்டனர்.

பர்கரின் வரலாறு சொல்வது

பர்கரும் கொத்துக்கறி உணவுதான். அமெரிக்காவில் அது பரவிய காலத்தில் மக்கள் அதை ஐயத்துடனேயே நோக்கினர். இறைச்சித் தொழிற்சாலைகளின் அவலத்தை அப்டன் சின்க்ளேர் 1906இல் தம் நாவலில் எழுதினார். நாடே அதிர்ந்தது. அவ்வாண்டு ஜூன் 30ஆம் நாள் இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் பிறந்தது. 1921இல் விச்சிட்டா நகரில் தொடங்கிய வொயிட் காசில் பர்கர் கடைகள், கட்டடத்தை வெண்மையாக அமைத்து, வாடிக்கையாளர் கண்முன்னே சமைத்தே அந்த ஐயத்தைப் போக்கின. முஹ்தஸிப் வற்புறுத்திய அதே வெளிப்படைத்தன்மை அது.

அது தளர்ந்த இடங்களில் என்ன நேர்ந்தது? முழுத் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும். அரைக்கும்போது அவை உள்ளே கலந்துவிடுகின்றன. 1993இல் அமெரிக்காவில் சரியாக வேகாத பர்கரால் எழுநூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்; நான்கு குழந்தைகள் உயிரிழந்தனர். 2013 ஜனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம், மாட்டிறைச்சி பர்கர் என விற்கப்பட்ட 27 மாதிரிகளின் ஆய்வு முடிவை வெளியிட்டது. 10 மாதிரிகளில் குதிரையின் மரபணுவும், 23 மாதிரிகளில் பன்றியின் மரபணுவும் காணப்பட்டன. பெரும்பாலானவற்றில் அளவு மிகச் சிறிது. ஆனால் ஒரு மாதிரியில் இறைச்சியின் 29 சதவீதம் குதிரையினுடையது. அதைக் காட்டிக்கொடுத்தது ஆய்வுக்கூடம். உண்டவர்களின் நாக்கு அன்று.

இன்று நம் பங்கு

நம் நாட்டில் முஹ்தஸிபின் பணியை இன்று 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் அரசு அதிகாரிகளிடம் ஒப்படைத்துள்ளது. பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தது இப்பணியின் ஒரு பகுதியே. ஆயினும் ஒவ்வொரு கடையிலும் ஓர் அதிகாரி நிற்க முடியாது. அங்கே நிற்பவர்கள் நாம்.

எனவே கேட்போம். இது எந்தக் கறி? எங்கே அரைத்தது? இங்கேயே செய்ததா, உறைந்த நிலையில் வந்ததா? மயோனைஸ் எப்படிச் செய்தது? 14 இலக்க உணவு உரிம எண் சுவரில் இருக்கிறதா? பிள்ளையின் கையில் கொடுக்குமுன் பர்கரைப் பிட்டு, நடுப்பகுதி வெந்திருக்கிறதா என்று பார்ப்போம். வேகாத கறியைத் திருப்பிக் கொடுக்க வெட்கம் வேண்டாம்.

அதே வேளையில் வரம்பு மீறவும் வேண்டாம். மறைவானவற்றை உளவு பார்ப்பது முஹ்தஸிபுக்கே பொதுவாக அனுமதிக்கப்படவில்லை. ஒரு நாள் வயிறு வலித்ததற்காக, உறுதியான சான்றின்றி ஒரு கடையின் பெயரைக் குழுமங்களில் பரப்புவது அவதூறாகிவிடக்கூடும். கடைக்காரரிடம் நேரில் சொல்வதும், திருந்தாவிடில் அதிகாரியிடம் முறையிடுவதுமே நேர்வழி.

உணவுக்கடை நடத்தும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பலகையைப் பார்த்தவுடன் கேள்வி கேட்பதை நிறுத்திவிடும் தாய்மார்கள் பலர். அந்த மௌனம் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். திருக்குர்ஆன் (2:168) 'ஹலால்' என்ற சொல்லோடு 'தய்யிப்' என்ற சொல்லையும் சேர்த்தே கூறுகிறது. அறுப்பு சரியாக இருந்து, நேற்றைய கறி இன்றைய கறியோடு கலந்திருந்தால், ஈரத் தானியம் மீண்டும் அடியில் போய்விட்டது என்றே பொருள். உங்கள் சமையலறையின் கதவைத் திறந்து வையுங்கள். கேட்பவரிடம் முகம் சுளிக்காமல் பதில் சொல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் உணவை ஹலாலாகவும் தய்யிபாகவும் ஆக்கி, விற்பவர்க்கும் வாங்குபவர்க்கும் அதில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.