கோலார் தங்கவயல்: 'கழிவு' என்ற சொல்லின் வரலாறு

பூதி என்றால் சாம்பல். ஐதர் அலியின் பிறப்பிடமாகக் கருதப்படும் பூதிகோட்டையின் பெயருக்குச் 'சாம்பற்கோட்டை' என்று பொருள் சொல்வதுண்டு. அதற்கு அருகிலுள்ள கோலார் தங்கவயலில் சாம்பல் நிற மேடுகள் மனிதர் கையால் எழுந்தவை.

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்குச் சுரங்கப் பணியைத் தொடங்கியது. 1887இல் ஸ்காட்லாந்தில் கண்டறியப்பட்ட சயனைடு முறை, அதுவரை பயனற்றதெனத் தள்ளப்பட்ட மண்ணிலும் பொன்னைக் கண்டது. பாறையை மாவாக அரைத்து, கரைசலில் பொன்னைப் பிரித்தபின் எஞ்சியதே சயனைடு மேடு. ஆகவே 'கழிவு' என்பது பொருளின் இயல்பன்று; தொழில்நுட்பமும் விலையும் அவ்வப்போது வரையும் எல்லை.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. ஊதியம் நின்றது; மேடுகள் நின்ற இடத்திலேயே நின்றன. தமிழகத்தின் வட மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர்களின் வீடுகளில் காற்றடிக்கும்போதெல்லாம் அத்தூசு படிகிறது.

2024 ஜூனில், 13 மேடுகளிலிருந்து மீண்டும் பொன்னெடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இதை மறுசுழற்சி என்று பாராட்டுமுன் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். அங்குள்ள மண் சுமார் 3.3 கோடி டன். ஒரு டன்னில் உள்ள பொன்னோ ஒரு கிராமுக்கும் குறைவு. பொன் முழுவதும் போனாலும் மேட்டின் எடை ஏறத்தாழக் குறையாது. அந்த மண்ணை எங்கே, எவ்வாறு மூடிக் காப்பது என்பதற்கான செலவும் திட்டத்தில் சேர்ந்தால்தான் அது மறுசுழற்சி; இல்லையேல் அது இரண்டாம் அகழ்வு மட்டுமே.