வாய்க்காலில் வளர்ந்த வாகையர்

நீச்சற்போட்டி என்றவுடன் அகன்ற குளமும், கட்டணம் செலுத்திப் பயிலும் வசதி படைத்தோர் பிள்ளைகளுமே நம் நினைவிற்கு வருகின்றனர். ஆனால், கரும்புக்குப் பாய்ந்த வாய்க்கால் நீரில் நீந்தக் கற்ற கூலித் தொழிலாளர் பிள்ளைகள், ஒரு பெரிய நாட்டின் தேசியப் பட்டத்தைத் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வென்ற வரலாறு ஒன்று உண்டு. ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய மவுயியில் நிகழ்ந்த அவ்வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம்.

மவுயித் தீவின் கிழக்கே மழை மிகுதி; நடுவிலுள்ள சமவெளியோ வறண்ட நிலம். 1876ஆம் ஆண்டு தொடங்கி வெட்டப்பட்ட நெடிய வாய்க்கால்கள் கிழக்கின் நீரைச் சமவெளிக்குக் கொணர்ந்தன. கரும்புத் தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைப்பதற்கென ஜப்பான், சீனா, பிலிப்பைன்ஸ், போர்ச்சுகல் ஆகிய நாடுகளிலிருந்து ஏழை மக்கள் கொண்டுவரப்பட்டனர். ஒவ்வோர் இனத்தாரும் தனித்தனி முகாம்களில் குடியமர்த்தப்பட்டனர். 1898இல் ஹவாய் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டது. அங்குப் பிறந்த பிள்ளைகள் பிறப்பால் அமெரிக்கக் குடிமக்கள் ஆயினர். ஆயினும் ஜப்பானிலிருந்து குடியேறிய பெற்றோர்க்கு 1952ஆம் ஆண்டு வரை சட்டம் குடியுரிமை வழங்கவில்லை.

அத்தீவின் பூனேனே என்னும் தோட்ட ஊரில் ஒரு தொடக்கப் பள்ளி இருந்தது. அங்கு ஆசிரியராகப் பணியாற்றியவர் சோயிச்சி சாகமோட்டோ. இவர் 1906இல் அதே தீவில் பிறந்தவர். தோட்டத்துப் பிள்ளைகள் வெயில் தணிய வாய்க்காலில் இறங்கி விளையாடுவர். அந்நீர் கரும்புக்கு உரியது, பிள்ளைகளுக்கு உரியதன்று. எனவே தோட்டக் காவலர் அவர்களை விரட்டுவது வழக்கம். இதனைக் கண்ட சாகமோட்டோ, பிள்ளைகளுக்குத் தாமே பொறுப்பேற்று, அவர்கள் வாய்க்காலில் நீந்துவதற்கு இசைவு பெற்றார்.

இங்கு ஒரு செய்தியை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். சாகமோட்டோ நீச்சல் வீரர் அல்லர். போட்டியில் கலந்துகொண்ட அனுபவமும் அவருக்கு இல்லை. எனினும் அவர் ஆசிரியர். கற்றுக்கொண்டு கற்பிக்கத் தெரிந்தவர். ஓடும் நீரின் இயல்பை அவர் பாடமாக்கினார். நீரோட்டத்தை எதிர்த்து நீந்துபவன் சற்றே தளர்ந்தாலும் பின்னோக்கி அடித்துச் செல்லப்படுவான். ஆகவே எதிர்நீச்சல் பிள்ளைகளின் வலிமையை வளர்த்தது. குறையென்று கருதப்பட்ட வாய்க்காலே பயிற்சிக் கருவியாயிற்று.

1937இல் அவர் ஒரு நீச்சற் கழகத்தைத் தொடங்கி, அதற்கு 'மூன்றாண்டு நீச்சற் கழகம்' என்று பெயரிட்டார். பெயரிலேயே குறிக்கோளும் காலவரையறையும் அடங்கியிருந்தன. 1940ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயத்திற்குத் தம் மாணவர்களை அனுப்புவதே அவரது திட்டம். தோட்டக் கூலிகளின் பிள்ளைகளுக்கு இத்தகைய இலக்கா என்று கேட்பார்க்கு விடை கூற அவருக்கு மூன்று ஆண்டுகள் இருந்தன. விடை இரண்டே ஆண்டுகளில் கிடைத்தது.

1938இல் அவருடைய மாணவர் 'ஹாலோ' ஹிரோசே வெளிநாடு சென்ற அமெரிக்க நீச்சல் அணியில் இடம்பெற்றார். அடுத்த ஆண்டு, 1939இன் கோடையில், மவுயிக் குழுவினர் கடல் கடந்து அமெரிக்கப் பெருநிலம் சென்று தேசியப் போட்டியில் கலந்துகொண்டு, ஆடவர் குழுப் பட்டத்தை வென்றனர். கீயோ நகாமா நெடுந்தொலைவுப் போட்டிகளில் புகழ் பெற்றார். ஃபுஜிகோ கட்சுதானி என்னும் மாணவி மார்பு நீச்சலில் தேசிய வாகை சூடினார். 1940, 1941 ஆகிய ஆண்டுகளிலும் குழுப் பட்டம் மவுயிக்கே கிடைத்தது.

ஆனால் அவர்கள் எண்ணியிருந்த ஒலிம்பிக் பந்தயம் நடைபெறவே இல்லை. அதை நடத்தவிருந்த டோக்கியோ நகரம் 1938இல் விலகிக்கொண்டது. பந்தயம் ஹெல்சிங்கிக்கு மாற்றப்பட்டது. 1939 செப்டம்பரில் உலகப்போர் மூண்டமையால் அதுவும் கைவிடப்பட்டது. 1941 டிசம்பரில் ஹவாயின் பேர்ல் துறைமுகம் ஜப்பானியரால் தாக்கப்பட்டது. அதன் பின்னர், ஜப்பானிய வழிவந்தோர் அனைவரும் ஐயக் கண்ணோடு நோக்கப்பட்டனர். அந்நிலையிலும் ஹிரோசே, ஜப்பானிய வழிவந்த அமெரிக்கரைக் கொண்ட 442ஆம் படைப்பிரிவில் சேர்ந்து போர்க்களம் சென்றார்.

அப்படியானால் அம்மூன்றாண்டு உழைப்பு வீணாயிற்றா? இல்லை. நீச்சல் அவர்களுக்குக் கல்வியின் கதவைத் திறந்தது. நகாமா, ஹிரோசே ஆகியோரும், ஹொனலூலுவில் பிறந்து மவுயிக்கு வந்து பயிற்சி பெற்ற பில் ஸ்மித்தும் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பயின்றனர். இளமையில் டைபாய்டு நோயால் நலிவுற்றிருந்த ஸ்மித், 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் நீச்சலிலும், 800 மீட்டர் தொடர் நீச்சலிலும் தங்கப் பதக்கம் பெற்றார். எட்டு ஆண்டுகள் தாமதமாயினும் ஆசிரியரின் குறிக்கோள் நிறைவேறியது.

நகாமா ஆசிரியரானார், பின்னர் ஹவாய் மாநிலச் சட்டமன்ற உறுப்பினருமானார். 1961இல், தமது 41ஆம் வயதில், மொலக்கை, ஒவாகு தீவுகளுக்கு இடைப்பட்ட கடலை 15 மணி நேரத்திற்கும் மேலாக நீந்திக் கடந்தார்.  சாகமோட்டோ ஹவாய்ப் பல்கலைக்கழகப் பயிற்சியாளராக உயர்ந்து, 1997இல் மறைந்தார். மவுயியின் கரும்புத் தோட்டமும் 2016இல் மூடப்பட்டது. தோட்டம் மறைந்தது, அதன் வாய்க்காலில் நீந்தியவர்களின் பெயர்கள் வரலாற்றில் நிலைத்தன.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? வசதிகள் வரட்டும் என்று சாகமோட்டோ காத்திருக்கவில்லை. இருந்த நீரைக் கொண்டு தொடங்கினார். காலவரையறை வகுத்தார், அதை நாள்தோறும் காத்தார். வாய்க்கால் போதும் என்று அவர் மனநிறைவு அடைந்துவிடவும் இல்லை. உலகின் மிகப் பெரிய பந்தயத்தையே இலக்காக வைத்தார். அவ்விலக்கு காலத்தால் மறுக்கப்பட்டபோதும், பயிற்சியால் பெற்ற வலிமையும் ஒழுங்கும் மாணவர்களை விட்டு நீங்கவில்லை. அவையே அவர்களைப் பல்கலைக்கழகத்திற்கும் சட்டமன்றத்திற்கும் இட்டுச் சென்றன.

இளைஞர்களே! தேர்வாயினும் விளையாட்டாயினும் மூன்றாண்டுத் திட்டம் ஒன்றை இன்றே வகுத்துக்கொள்ளுங்கள். அதனைப் பொறுப்புடன் ஏற்று உங்களை நடத்திச் செல்லும் ஆசிரியரைப் போற்றுங்கள். நாளை நீங்களும் பிறர்க்கு அத்தகைய ஆசிரியராக விளங்குங்கள்.