நீதிமன்றம் தீர்க்காத கேள்வி: கர்ப்பகாலக் கைரோபிராக்டிக்கும் அமெரிக்க மருத்துவர்களும்

1966இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் கைரோபிராக்டிக்கை அறிவியலுக்குப் புறம்பான நம்பிக்கை மரபு என அறிவித்தது. கர்ப்பிணி ஒருவர் இடுப்புவலியால் எவ்வளவு துன்புற்றாலும், அவரைக் கைரோபிராக்டரிடம் அனுப்புவது மகப்பேறு மருத்துவருக்குத் தொழில்நெறி மீறலாகவே கருதப்பட்டது. இன்று அத்தடை இல்லை. சான்றுகள் பெருகியதால் மருத்துவர்களின் மனம் மாறியது என்று இதற்கு எளிதாக விளக்கம் சொல்லப்படுவதுண்டு. வரலாறு அதை ஆதரிக்கவில்லை.

1895இல் அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில் டி. டி. பால்மர் இம்முறையைத் தொடங்கினார். முதுகெலும்பின் இடப்பிறழ்வு நரம்புகளைத் தடைசெய்வதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்பது அவர் கோட்பாடு. எல்லா நோய்க்கும் ஒரே மூலம் காணும் இக்கோட்பாட்டை மருத்துவர்கள் ஏற்கவில்லை. 1963இல் மருத்துவச் சங்கம் போலி மருத்துவத்துக்கு எதிரான குழுவொன்றை அமைத்தது. கைரோபிராக்டிக்கைக் கட்டுப்படுத்தி, இறுதியில் ஒழிப்பதே அதன் முதன்மை நோக்கமாயிற்று.

1976இல் செஸ்டர் வில்க்கும் வேறு சில கைரோபிராக்டர்களும் சங்கத்தின் மீது வழக்குத் தொடுத்தனர். அவர்கள் நாடியது மருத்துவச் சட்டத்தை அன்று. வணிகப் போட்டியை முடக்குவதைத் தடுக்கும் சட்டத்தை. வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே, 1980இல், சங்கம் தன் நெறிமுறையைத் திருத்திக்கொண்டது. 1987இல் நீதிபதி சூசன் கெட்சன்டானர், சங்கத்தின் புறக்கணிப்பு சட்டவிரோதமானது எனத் தீர்ப்பளித்தார். 1990இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. ஆனால் கைரோபிராக்டிக் செல்லத்தக்க மருத்துவமா என்பதைத் தீர்ப்பு முடிவுசெய்யவில்லை. தடை நீங்கியது, பயன் பற்றிய கேள்வி மருத்துவர்களிடமே திரும்பி வந்தது.

கர்ப்பகாலத்தில் அக்கேள்வி இரண்டாகப் பிரிகிறது. முதலாவது, வலி. கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் முதுகுவலிக்கு ஆளாகின்றனர். உட்கொள்ளத்தக்க வலிநீக்கி மருந்துகளோ மிகச் சில. 2015இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, 5,121 பெண்கள் பங்கேற்ற 34 சோதனைகளைத் தொகுத்தது. கைமுறைச் சிகிச்சையும் உடற்பயிற்சியும் சிலருக்கு வலியைக் குறைக்கக்கூடும் என்பதற்கு மிதமான அல்லது வலுக்குறைந்த சான்றுகளையே அது கண்டது. ஆகவே இரத்தப்போக்கு போன்ற அபாய அறிகுறிகள் இல்லாதவரை எச்சரிக்கையுடன் இசைவு தெரிவிக்கும் மருத்துவர்கள் உள்ளனர்.

இரண்டாவது, கருவில் குழந்தையின் கிடப்புநிலை. 1980களில் லாரி வெப்ஸ்டரின் பெயரால் பரவிய உத்தி, பிட்டம் கீழாக உள்ள குழந்தை தலைகீழாகத் திரும்ப உதவும் எனக் கூறப்பட்டது. 28ஆம் வாரத்தில் ஏறத்தாழ 20 முதல் 25 விழுக்காடு குழந்தைகள் பிட்டம் கீழாகவே இருக்கின்றன. பேறுகாலத்தில் இது 3 முதல் 4 விழுக்காடாகக் குறைகிறது. பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே திரும்புகையில், ஒப்பீட்டுக் குழு இல்லாத வெற்றிக் கணக்கு எதையும் நிறுவாது. இங்கு மருத்துவர்கள் பரிந்துரைப்பது, கண்காணிப்புடன் வயிற்றின் மேலிருந்து குழந்தையைத் திருப்பும் முறையையே. அது ஏறத்தாழ பாதிப்பேருக்குப் பலனளிக்கிறது. வெப்ஸ்டர் நிறுவிய அமைப்பே பின்னாளில், தன் உத்தி இடுப்பெலும்பின் இயக்கத்தைச் சீர்செய்வதற்கானது, குழந்தையைத் திருப்புவதற்கானது அன்று என வரையறுத்துக்கொண்டது.

சிகிச்சை அளிப்பவர் யார் என்பதை வைத்தே 1966இல் மருத்துவர்கள் முடிவெடுத்தனர். அளிக்கப்படும் வாக்குறுதி எது என்று வினவும் கடமை இப்போது அவர்களுக்கு உண்டு. முதுகுவலிக்கான இசைவை எல்லாக் கூற்றுகளுக்குமான ஒப்புதலாக ஒரு கர்ப்பிணி எடுத்துக்கொண்டால், குழந்தையைத் திருப்புவதற்குரிய வாரங்கள் வீணே கழிந்துவிடக்கூடும்.