அவுஸ்திரேலியாவுக்குள் மாநிலம் மாறுவது: சம்பளம், செலவு, சனம்

இடப்பெயர்வு என்பது எங்களுக்குப் பழகிய சொல். 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கும் பின்னர் வன்னிக்கும், 2008 - 2009 இல் கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவுக் கடற்கரை வரைக்கும் நடந்தோம். எங்கே போவது, எவ்வளவு முடியும் என்று இருந்து கணக்குப் பார்க்க அப்போது யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை. இன்று அவுஸ்திரேலியாவில் வாழும் எம்மவர் பலர் வேறொரு வகையான இடமாற்றத்தைப் பற்றி யோசிக்கிறார்கள். சிட்னியிலும் மெல்பேர்ணிலும் வாடகை தாங்க முடியாமல், அடிலெயிட், பிரிஸ்பேன், பேர்த் அல்லது குயின்ஸ்லாந்தின் ஒரு சிறு நகரத்துக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். இந்தத் தடவை கணக்குப் பார்க்க நேரம் இருக்கிறது. ஆனால் பலர் ஒரேயொரு இலக்கத்தை, அதாவது மணித்தியாலச் சம்பளத்தை மட்டும் பார்த்தே முடிவெடுக்கிறார்கள்.

நான் 2012 இல் படகில் வந்தவன். மேற்கு சிட்னியில் பத்து வருடங்களுக்கு மேல் களஞ்சியசாலைகளில் போர்க்லிப்ட் ஓட்டினேன். நிரந்தர வதிவிடம் கிடைத்த பிறகு, 2025 ஜனவரியில் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் அடிலெயிட்டின் வடபகுதிக்கு வந்தேன். மனைவி முதியோர் பராமரிப்பில் வேலை செய்கிறார். நாங்கள் எப்படிக் கணக்குப் பார்த்தோம், எவை மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன, எவை மாறுவதில்லை என்பதை இதே முடிவின் முன் நிற்பவர்களுக்காக எழுதுகிறேன்.

எல்லை தாண்டினாலும் மாறாதவை

வருமான வரி மத்திய அரசுக்குரியது. எந்த மாநிலத்தில் இருந்தாலும் வீதம் ஒன்றுதான். 2024 ஜூலை தொடக்கம் முதல் 18,200 டொலருக்கு வரி இல்லை. அதிலிருந்து 45,000 வரை 16 வீதம், 135,000 வரை 30 வீதம் என்று அது அறவிடப்பட்டது. இதற்கு மேல் பெரும்பாலானோர் மெடிகெயார் வரியாக 2 வீதம் கட்ட வேண்டும். மெடிகெயார், குடும்பக் கொடுப்பனவு, குழந்தைப் பராமரிப்பு மானியம் ஆகியவையும் மத்திய அரசினுடையவை. 2025 ஜூலை தொடக்கம் வேலை கொடுப்பவர் 12 வீதம் சுப்பர் கட்ட வேண்டும் என்பதும் எங்கும் பொது.

ஆகக்குறைந்த சம்பளமும் அப்படித்தான். 2025 ஜூலையில் அது மணித்தியாலத்துக்கு 24.95 டொலராக, 38 மணித்தியால வாரத்துக்கு 948 டொலராக நிர்ணயிக்கப்பட்டது. வரி போகக் கைக்கு வருவது வாரம் சுமார் 820 டொலர். களஞ்சியசாலை, துப்புரவு, உணவகம், முதியோர் பராமரிப்பு போன்ற எம்மவர் அதிகம் செய்யும் தனியார் துறை வேலைகளின் அடிப்படைச் சம்பளங்கள் பெரும்பாலும் தேசிய ஒழுங்கின்படியே அமைகின்றன. ஆகவே இவ்வகை வேலையில் மாநிலம் மாறுவதால் மட்டும் சம்பளம் பெரிதாக ஏறாது. மாநில அரசின் கீழ் வேலை செய்யும் தாதியர், ஆசிரியர் போன்றோருக்கே மாநிலத்துக்கு மாநிலம் சம்பள அளவுத்திட்டம் வேறுபடும்.

சம்பளக் கடிதத்தை வாசிக்கும்போது

"மணித்தியாலத்துக்கு 34 டொலர்" என்று ஒருவர் தொலைபேசியில் சொன்னால், அது நிரந்தர வேலையா, கஷுவலா என்பதை முதலில் கேளுங்கள். கஷுவல் சம்பளத்தில் வழக்கமாக 25 வீதம் மேலதிகமாகச் சேர்ந்திருக்கும். அதற்குப் பதிலாகச் சம்பளத்துடனான விடுமுறையோ சுகவீன லீவோ கிடையாது. 34 டொலர் கஷுவல் என்றால் அது நிரந்தர வேலையில் 27.20 டொலருக்குச் சமம். இரண்டாவது, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் உறுதி என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஓவர்டைம் நிறையக் கிடைக்கும் என்ற வாய்ப்பேச்சை வைத்து வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கூடாது.

ஒரே வேலைத்தலத்தில் ஒன்பது வருடம் முடித்தவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நீண்டகால சேவை விடுமுறை மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டது. நியூ சவுத் வேல்ஸில் பத்து வருடத்துக்கு இரண்டு மாதமும் தென் அவுஸ்திரேலியாவில் 13 வாரமும் உண்டு. வேலை கொடுப்பவர் மாறினால் பொதுவாக வருடக் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும். சில மாதங்கள் பொறுத்துக் கிளம்பினால் அந்தப் பணமே குடிபெயரும் செலவை அடைத்துவிடலாம்.

மாறுபவை

முதலில் வாடகை. அடுத்தது வாகனம். சிட்னியில் கட்டாயக் காப்புறுதியைத் தனியாக வாங்க வேண்டும். தென் அவுஸ்திரேலியாவிலும் விக்டோரியாவிலும் அது வாகனப் பதிவுக் கட்டணத்தோடு சேர்ந்தே வரும். சிட்னி, மெல்பேர்ண், பிரிஸ்பேன் நகரங்களில் கட்டண நெடுஞ்சாலைகள் உண்டு. அடிலெயிட்டில் ஒன்றுகூட இல்லை. குயின்ஸ்லாந்தில் 2024 ஓகஸ்ட் முதல் பொதுப் போக்குவரத்துக் கட்டணம் ஒரு பயணத்துக்கு 50 சதம். அம்புலன்ஸ் குயின்ஸ்லாந்து, தாஸ்மேனியா வாசிகளுக்கு இலவசம். மற்ற பெரிய மாநிலங்களில் சலுகை அட்டையோ காப்புறுதியோ இல்லாதவருக்குப் பெரிய பில் வரும். மின்கட்டணம் தென் அவுஸ்திரேலியாவில் சிட்னியை விட அதிகம்.

வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் முத்திரை வரியைப் பாருங்கள். முதல் வீடு வாங்குபவருக்கு நியூ சவுத் வேல்ஸில் 2023 ஜூலை முதல் 800,000 டொலர் வரை விலக்கு உண்டு. தென் அவுஸ்திரேலியாவில் 2024 ஜூன் முதல் புதிய வீடுகளுக்கு விலை வரம்பின்றி விலக்கு உண்டு, ஆனால் ஏற்கனவே கட்டிய வீட்டுக்கு இல்லை. தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகைகள் பொருந்தாது. அவர்கள் பல மாநிலங்களில் மேலதிக வரி கட்ட வேண்டும். அத்தோடு 2025 ஏப்ரல் முதல் 2027 மார்ச் இறுதி வரை, சில விதிவிலக்குகள் தவிர, கட்டிய வீடுகளை வாங்க அவர்களுக்குத் தடையும் விதிக்கப்பட்டது.

எங்கள் வீட்டுக் கணக்கு

சிட்னியில் எனக்கு மணித்தியாலத்துக்கு 31 டொலர். அடிலெயிட்டில் கிடைத்தது 29. வாரத்துக்கு 76 டொலர் குறைவு. ஆனால் வரி போகப் பார்த்தால் கைக்குக் குறைந்தது 52 டொலர்தான். சம்பளம் கூடும்போதும் இதே விதிதான்: 76 டொலர் கூடினால் 52 தான் கைக்கு வரும். மனைவியின் சம்பளம் மாறவில்லை.

சிட்னியில் இரண்டு அறை அடுக்குமாடிக்கு வாரம் 580 டொலர் கட்டினோம். இங்கே மூன்று அறை வீட்டுக்கு 530. மிச்சம் 50. நெடுஞ்சாலைக் கட்டணம் 40, பெற்றோல் 25 மிச்சம். மின்சாரம் 15 டொலர் கூட. சிட்னியில் நான் வீடு வரப் பின்னேரம் ஆறரை ஆகும் என்பதால் பிள்ளைகளைப் பாடசாலை முடிந்த பின் பராமரிப்பில் விட்டோம். அதற்கு மானியம் போக 70 டொலர் முடிந்தது. இங்கே அது தேவையில்லை. எல்லாம் கூட்டிக் கழித்தால் வாரம் 118 டொலர் நன்மை.

இனி எதிர்ப்பக்கம். சிட்னியில் இருக்கும் உறவுகளின் நல்லது கெட்டதுக்கு வருடத்தில் இரண்டு தடவையாவது நால்வரும் போய்வர வேண்டும். அதற்கு ஏறத்தாழ 2,000 டொலர், வாரத்துக்கு 38. அப்போது உண்மையான மிச்சம் 80 டொலர்.

குடிபெயர லொறிக்கு 3,200, வீட்டு முற்பணம் நான்கு வார வாடகையாக 2,120, முன்கூட்டிய இரண்டு வார வாடகை 1,060, இரண்டு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் கட்டிய இரண்டு வாரம் 1,160, வழிச்செலவு 700, வாகனப் பதிவும் பரிசோதனையும் அனுமதிப்பத்திரமும் 1,100. கையில் 9,340 டொலர் இருந்தால்தான் கிளம்பலாம். இதில் முற்பணம் பிறகு திரும்பி வரும், முன்கூட்டிய வாடகை எப்படியும் கட்ட வேண்டியதுதான். திரும்பி வராதது 6,160. வாரம் 80 டொலர் மிச்சத்தில் அதை மீட்க 77 வாரங்கள், கிட்டத்தட்ட ஒன்றரை வருடம். புதிய வேலைக்காகக் குடிபெயரும் செலவை ஊழியர் பொதுவாக வரியில் கழிக்க முடியாது. ஆகவே அந்தச் செலவில் ஒரு பகுதியைத் தருவீர்களா என்று வேலை கொடுப்பவரிடம் ஆரம்பத்திலேயே கேட்பதில் வெட்கமில்லை.

இந்தக் கணக்கில் ஒரு வரியை நாங்கள் தொடவே இல்லை. கிளிநொச்சியில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பும் பணம் அது. எம்மவர் பலர் அதை மிச்சம் வந்தால் அனுப்புவது என்ற இடத்தில் வைத்துவிட்டுக் கணக்குப் போடுகிறார்கள். வாடகைக்கு அடுத்த வரியில் அதை எழுதுங்கள். அங்கே அந்தப் பணத்தை நம்பி மருந்தும் கடன் தவணையும் ஓடுகின்றன. அதைக் குறைத்தால்தான் புதிய ஊர் கட்டுப்படியாகும் என்றால், அந்த ஊர் கட்டுப்படியாகவில்லை என்றே பொருள்.

விசா உள்ளவர், விசாவுக்குக் காத்திருப்பவர்

2023 பெப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு விசாவும் சேவ் விசாவும் வைத்திருந்தோருக்கு நிரந்தர வதிவிடத்துக்கு வழி திறந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு இன்னும் இணைப்பு விசாவில் இருப்போர் எங்களிடையே பலர். அவர்கள் முதலில் விசா நிபந்தனைகளை வாசிக்க வேண்டும். முகவரி மாறுவதற்கு முன்னரே உள்துறைத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை பலருக்கு உண்டு. வழக்கு நடப்பவர்கள் தங்கள் சட்டத்தரணியிடம் கேட்காமல் கிளம்பக் கூடாது. அகதிகளுக்கான இலவச சட்ட உதவி அமைப்புகள் பெரும்பாலும் மாநில அளவிலேயே இயங்குகின்றன. போக்குவரத்துச் சலுகை, பாடசாலைக் கட்டணம் போன்றவையும் மாநிலம் தீர்மானிப்பவை.

வேலை தேடுவோர் கொடுப்பனவு பெறுபவர், வேலைவாய்ப்புக் குறைந்த பிரதேசத்துக்குத் தகுந்த காரணமின்றிப் போனால் 26 வாரங்களுக்கு அது நிறுத்தப்படலாம். வேலை உறுதியான பின் போவதே பாதுகாப்பு.

பிள்ளைகளும் வைத்தியமும்

பதினோராம், பன்னிரண்டாம் ஆண்டுகளுக்கு நடுவில் மாநிலம் மாறுவதைத் தவிர்ப்பது நல்லது. சிட்னியில் எச்.எஸ்.சி., மெல்பேர்ணில் வி.சி.இ., அடிலெயிட்டில் சேஸ் என்று இறுதிச் சான்றிதழ் ஒவ்வொன்றும் வேறு. நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் தமிழை அந்தப் பரீட்சைக்கு ஒரு பாடமாக எடுக்கலாம். போகும் இடத்தில் தமிழ்ப் பாடத்தைத் தொடர முடியுமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். சிறு பிள்ளைகளுக்குச் சேரும் வயதும் வேறுபடும்: ஜூனில் ஐந்து வயது நிறையும் பிள்ளை சிட்னியில் அந்த வருடம் ஜனவரி இறுதியிலேயே தொடங்கலாம், அடிலெயிட்டில் வருட நடுவில்தான் தொடங்கும்.

அரச வைத்தியசாலைகளும் அரச பல் வைத்தியமும் மாநிலத்துக்குரியவை. அரச வீட்டுக்கான காத்திருப்புப் பட்டியலும் அப்படியே. ஒரு மாநிலத்துப் பட்டியலில் மூன்று வருடம் காத்திருந்தவர் மற்ற மாநிலத்தில் புதிதாகப் பதிய வேண்டும். சத்திரசிகிச்சைக்குத் திகதி கிட்டியிருந்தால் அது முடிந்த பின் போங்கள்.

போரின் காயத்தோடு வாழ்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: சித்திரவதையிலிருந்தும் போரிலிருந்தும் மீண்டவர்களுக்கான இலவச உளவள சேவை ஒவ்வொரு மாநிலத்திலும் தனி அமைப்பாக உண்டு. நியூ சவுத் வேல்ஸில் ஸ்டார்ட்ஸ், விக்டோரியாவில் பவுண்டேஷன் ஹவுஸ். தென் அவுஸ்திரேலியா, குயின்ஸ்லாந்து, மேற்கு அவுஸ்திரேலியாவிலும் இத்தகையவை இயங்குகின்றன. இப்போது யாரிடமாவது போய்வருபவர், கிளம்புவதற்கு முன்பே புதிய இடத்துக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டுப் பெற வேண்டும். நித்திரை வராத இரவுகள் புதிய ஊரில் கூடுவது எங்களில் பலருக்குத் தெரிந்ததே.

சனம்

2019 இல் ஊரில் அப்பா இறந்த செய்தி வந்தபோது, விசா காரணமாக என்னால் போக முடியவில்லை. அன்று இரவே எங்கள் சிட்னி அடுக்குமாடிக்கு நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். ஒருவர் தேநீர் ஊற்றினார், இன்னொருவர் மூன்று நாளும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். இதற்கு டொலரில் விலை போட முடியாது. ஆனால் கணக்கில் ஒரு வரியாவது இருக்க வேண்டும். அதனால்தான் அந்த 38 டொலரை எழுதினோம்.

அடிலெயிட்டில் தமிழர் தொகை சிட்னியை விட மிகக் குறைவு. ஓக்லண்ட்ஸ் பார்க் பிள்ளையார் கோயில் எங்கள் வீட்டிலிருந்து நகரின் மறுபக்கம். ஆனாலும் வேலைக்குப் போய்வரும் நேரம் நாளுக்கு இரண்டரை மணித்தியாலத்திலிருந்து ஐம்பது நிமிடமாகக் குறைந்தது. வாரத்துக்கு எட்டு மணித்தியாலத்துக்கு மேல் மிச்சம். அந்த நேரத்தில் மகளுக்கு நானே தமிழ் எழுதப் பழக்குகிறேன்.

சிறு நகரம் என்றாலே தனிமை என்றும் சொல்ல முடியாது. குயின்ஸ்லாந்தின் பிலோயிலாவில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தை 2018 மார்ச்சில் அதிகாரிகள் விடியற்காலையில் கொண்டுபோனபோது, அவர்களுக்காக நான்கு வருடம் போராடியவர்கள் அந்த ஊரின் அவுஸ்திரேலியர்கள். 2022 ஜூனில் குடும்பம் அதே ஊருக்குத் திரும்பியது. அதே நேரம், ஒரு சிறு ஊரில் ஒரே இறைச்சித் தொழிற்சாலைதான் வேலை கொடுக்கிறது என்றால், அந்த வேலை போனால் ஊரும் போகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

செய்யும் ஒழுங்கு

முதலில் வேலைக் கடிதம் எழுத்தில். பிறகு ஒருவர் மட்டும் போய் ஒரு வாரம் தங்கி, வேலை தொடங்கும் நேரத்தில் அந்தப் பாதையில் ஒரு தடவை பயணம் செய்து, வாடகை வீடுகளை நேரில் பார்க்க வேண்டும். வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது, பாடசாலைத் தவணை எப்போது தொடங்குகிறது என்று பார்த்துத் திகதி குறியுங்கள். வந்த பின் ஓட்டுநர் அனுமதிப்பத்திரத்தையும் வாகனப் பதிவையும் மாற்ற வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் அனுமதிப்பத்திரத்துக்கு மூன்று மாத அவகாசம் உண்டு. சிறுவர்களோடு வேலை செய்யும் அனுமதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. புதிதாக எடுக்க வேண்டும். ஆங்கிலம் தடையாக இருந்தால் 131 450 என்ற இலக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

எல்லாவற்றையும் ஒரு தாளில் இரண்டு நிரலாக எழுதி, கணவனும் மனைவியும் சேர்ந்து கூட்டிப் பாருங்கள். வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் அருகில் இருத்துங்கள். எந்த வாரத்தில் செலவு மீளும் என்பதும், அதுவரை சுகவீனமோ வேலை இழப்போ வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் பதில் எழுத முடிந்தால் லொறிக்குச் சொல்லலாம். முடியாவிட்டால் ஒரு வருடம் பொறுத்து, 9,000 டொலரைச் சேர்த்துக்கொண்டு மறுபடி பாருங்கள். ஊர் எங்கும் ஓடிவிடாது.