பேப்பூரின் உருவும் கலாசிகளும்

கோழிக்கோட்டுக்குத் தெற்கே சாலியாறு அரபிக்கடலில் கலக்குமிடத்தில், வடகரையில் பேப்பூரும் தென்கரையில் சாலியமும் எதிரெதிரே அமைந்துள்ளன. தென்கரையைப் பற்றி நமக்கு எழுத்தில் நிறையவே கிடைக்கிறது. 1531இல் போர்த்துக்கீசியர் சாலியத்தில் கோட்டை எழுப்பினர். அங்கிருந்த பழமையான பள்ளிவாசலை இடித்து, அதன் கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தினர் என்று பொன்னானியின் ஷெய்கு ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) தமது துஹ்ஃபதுல் முஜாஹிதீனில் பதிவு செய்துள்ளார். 1571இல் சாமூத்திரியின் படையும் மாப்பிள்ளை வீரர்களும் இணைந்து அக்கோட்டையை வீழ்த்தினர். கோழிக்கோட்டுக் காழி முஹம்மது (ரஹ்) அவ்வெற்றியை ஃபத்ஹுல் முபீன் என்னும் அரபுக் காவியமாக்கினார்.

மரக்கலம் கட்டியவர்களுக்கு அப்படியொரு காவியம் வாய்க்கவில்லை. குஞ்ஞாலி மரைக்காயர்களை நாம் அறிவோம். அவர்கள் ஏறிச் சென்ற கலங்களைச் செய்தவர்களை அறியோம்.

அக்காலக் கப்பல்களைப் பற்றி அறிய ஹாஜிகளின் பயண நூல்கள் ஓரளவு உதவுகின்றன. 1183இல் அந்தலூசியாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு ஜுபைர், செங்கடல் துறையான அய்தாபில் ஆணியே அடிக்கப்படாத கலங்களைக் கண்டார். தென்னை நாரைத் திரித்த கயிற்றால் பலகைகள் தைக்கப்பட்டிருந்தன. மரம் இந்தியாவிலிருந்தும் யமனிலிருந்தும் வந்தது. (ஹாஜிகளை அளவுமீறி ஏற்றிய கப்பல்காரர்களை அவர் கடிந்துரைக்கும் பகுதி, இன்றைய பயண முகவர்களும் படிக்கத் தக்கது.) சூரத்துல் கமரில் நூஹ் (அலை) அவர்களின் கப்பலைக் குறிக்குமிடத்தில் வரும் 'துஸுர்' என்ற சொல்லுக்கு ஆணிகள் என்றே பெரும்பாலும் பொருள் கொள்கிறோம். பலகைகளைப் பிணைக்கும் நார்க்கயிறு என்ற பொருளையும் அரபு அகராதிகள் தருகின்றன.

பேப்பூரில் கட்டப்படும் மரக்கலத்துக்கு 'உரு' என்று பெயர். நிலம்பூர்க் காடுகளின் தேக்கு சாலியாற்றில் மிதந்தே கீழே வந்து சேர்ந்த காலம் உண்டு. 1840களில் மலபார் ஆட்சியர் கனோலி அங்கே தேக்குத் தோட்டம் அமைக்கச் செய்ததும் கப்பலுக்கான மரத்தேவையை எண்ணியே. உருவுக்கு வரைபடம் கிடையாது. தலைமைத் தச்சர் மனத்தில் கணக்கு வைத்து, அடிமரமான ஏராவிலிருந்து தொடங்குவார். தச்சர்கள் பெரும்பாலும் இந்துக்கள். பாரம் தூக்கி, கட்டி முடித்த கலத்தை நீரில் இறக்கும் கலாசிகள் பெரும்பாலும் மாப்பிள்ளை முஸ்லிம்கள். பணம் கொடுத்து வாங்கியவர்களோ அரபு நாட்டவர். ஒரே கலத்தில் இம்மூவரின் பங்கும் இருந்தது. இதை மதநல்லிணக்க மேடைகளில் எடுத்துக்காட்டாகச் சொல்வதோடு நாம் நின்றுவிடுகிறோம். அவர்களைப் பொறுத்தவரை அது அன்றாடக் கூலி வேலை.

கலாசிகளின் கருவிகள் வடம், கப்பி, உருளைக் கட்டைகள், பலர் சேர்ந்து சுற்றும் மரச் சுழல்பொறி ஆகியவையே. பல நூறு டன் எடையுள்ள கலத்தை, ஒருவர் குரல் கொடுக்க மற்றவர் ஒரே மூச்சில் இழுத்து, விரல் விரலாக ஆற்றை நோக்கி நகர்த்துவார்கள். எந்த வடம் எப்போது தளர வேண்டும் என்பதைக் கையால் தொட்டுப் பார்த்தே சொல்வார்கள். தவறினால் கலம் சாயும், உயிரும் போகும். 1988 ஜூலை 8 அன்று கொல்லம் அருகே பெருமண் பாலத்திலிருந்து ஐலண்ட் எக்ஸ்பிரஸின் பெட்டிகள் அஷ்டமுடி ஏரிக்குள் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, பெட்டிகளை மேலே இழுக்க மலபாரின் இந்த மாப்பிள்ளைக் கலாசிகளே அழைக்கப்பட்டனர். பள்ளிக்கூடமே காணாத பலர், அங்கே பொறியியலாளர்களுக்கு அருகில் நின்று வேலை செய்தனர்.

இரும்புக் கப்பல்கள் பெருகியபின் சரக்கு உருக்களுக்குத் தேவை குறைந்தது. பேப்பூர் துறைமுகத்தில் இன்று விசைப்படகுகளே நிறைந்து நிற்கின்றன. எப்போதாவது கத்தாரிலிருந்தோ அமீரகத்திலிருந்தோ ஒரு செல்வந்தர் உல்லாசப் பயணத்துக்காக உரு கேட்டு வருகிறார். உடற்பகுதி மட்டும் இங்கே முடிகிறது. அறைகளும் அலங்காரமும் வளைகுடாவில் அமைகின்றன. தச்சரின் மகனும் கலாசியின் மகனும் பிழைப்புக்காக அதே வளைகுடாவுக்கு விமானமேறிவிட்டனர். அடுத்த உருவுக்கு வடம் பிடிக்க, வயது முதிர்ந்தவர்களையே மீண்டும் அழைக்க வேண்டியிருக்கிறது.